தோசையைப் பிய்த்ததற்கா இவ்வளவு அழுகை? சின்னக் குழந்தைகளின் அடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றரை வயதில் தொடங்கி நாலு வயது வரை, குழந்தை இருக்கிற எந்த வீட்டிலும் தினம் ஒரு ரகளை நடக்கும். எதற்கு அழுதது என்று சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிடுவார்கள். வாழைப்பழம் ஒடிந்தது, அப்பா லிஃப்ட் பட்டனை அழுத்திவிட்டார், நிழல் கூடவே வருகிறது, இப்படி. பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். காரணம் நமக்கு எவ்வளவு விநோதமாகப் பட்டாலும், அந்த வயதுக்குத் தெரிந்த அளவில் குழந்தையின் அழுகை நியாயமானதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லாப் பதில்களும் அந்த நம்பிக்கையில் எழுதியவை.

சூடு ஆறட்டும் என்று தோசையைப் பிய்த்துப் போட்டேன். "ஒட்டு, ஒட்டு" என்று ஒரே அழுகை. தோசையை எப்படி ஒட்டுவது?

ஒட்ட முடியாது. ஆனாலும் பல அம்மாக்கள் முயன்று பார்த்திருப்பார்கள். துண்டுகளைத் தட்டில் வட்டமாக அடுக்கி, "பாரு, முழுசாயிடுச்சு" என்று சொல்வார்கள். குழந்தை குனிந்து பார்க்கும். கிழிந்த கோட்டின் மேல் விரலை வைத்துத் தேய்க்கும். கோடு அப்படியே இருக்கும். அவ்வளவுதான், அழுகை முதலிலிருந்து தொடங்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகன் இரண்டாம் வயதுக் குழந்தைகளைக் கவனித்து 1981-ல் எழுதியவற்றில் இது வருகிறது. இரண்டு வயதை நெருங்கும்போது, ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற கணக்கு குழந்தையின் மனதில் உருவாகிவிடுகிறது. பட்டன் போன சட்டை, கை உடைந்த பொம்மை, ஓரம் நொறுங்கிய பிஸ்கட் எல்லாம் கண்ணை உறுத்த ஆரம்பிக்கின்றன. ஆறு மாதத்துக்கு முன்பு இதே குழந்தை உடைந்த அப்பளத்தைச் சிரித்துக்கொண்டே தின்றிருக்கும். இப்போது அழுகிறது என்றால் புத்தி வளர்ந்திருக்கிறது என்று பொருள். முழுசு என்றால் என்ன, உடைந்தது என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது. உடைந்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டியபடி, ஒரு பொருளின் உருவம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏறக்குறைய ஏழு வயதுக்குப் பக்கத்தில்தான் புரிகிறது. பிய்த்த தோசையும் முழுத் தோசையும் ஒன்றுதான் என்று இரண்டு வயதிடம் வாதாடிப் பயனில்லை.

செய்யக்கூடியது சின்ன விஷயம். பிய்ப்பதற்கு முன்னால், "முழுசா வேணுமா, பிய்ச்சுத் தரட்டுமா?" என்று கேளுங்கள். வாழைப்பழத்தைப் பாதிவரை உரித்துத் தோலோடு கையில் கொடுங்கள். பிய்த்தாகிவிட்டது, மாவும் இருக்கிறது என்றால் உள்ளங்கை அளவில் இன்னொரு தோசை ஊற்றிக் கொடுப்பதில் குழந்தை ஒன்றும் கெட்டுப்போகாது. மாவு இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

தண்ணீர் வேணும் என்று அழுதான். கொடுத்தால் தள்ளிவிட்டான். எடுத்துக்கொண்டு போனால் மறுபடி வேணும் என்கிறான். உண்மையில் என்னதான் வேண்டும்?

அந்த நேரத்தில் அவனுக்கே தெரியாது. நீல டம்ளருக்குப் பதில் சில்வர் டம்ளரில் வந்ததால் ஆரம்பித்திருக்கலாம். ஆனால் அழுகை ஏறிய பிறகு நீல டம்ளரில் கொடுத்தாலும் நிற்காது.

மைக்கேல் பொட்டேகல் என்ற ஆய்வாளர் அடம் பிடிக்கும் குழந்தைகளைப் பற்றியே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் ஜேம்ஸ் கிரீன் என்பவரும் சேர்ந்து, குழந்தைகள் போடும் உடையிலேயே சிறிய மைக்கைத் தைத்து, அழும் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வில் கத்தலும் அலறலும் ஒரு கூட்டமாகவும், அழுகையும் சிணுங்கலும் இன்னொரு கூட்டமாகவும் பிரிந்தன. முதலாவது கோபம், இரண்டாவது வருத்தம். வருத்தம் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓடிக்கொண்டே இருக்கிறது. கோபம் அதன் நடுவே திடீரென்று மேலே போய் இறங்குகிறது.

இது தெரிந்தால் தண்ணீர் விவகாரம் புரிந்துவிடும். டம்ளரைத் தள்ளிவிடுவது கோபம். அதை எடுத்துக்கொண்டு நீங்கள் நகர்ந்ததும் வருவது வருத்தம். டம்ளரைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். "என்ன வேணும்? இதுவா? அதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் நீளும். கோபம் இறங்கித் தேம்பல் மட்டும் மிஞ்சும்போது அவனாகவே மடிக்கு வருவான். தண்ணீரும் குடிப்பான்.

லிஃப்ட் பட்டனை நான் அழுத்தியதற்காக மூன்றாவது மாடிவரை அழுதாள். திரும்பக் கீழே போய் அவளை அழுத்த விட வேண்டுமா?

நேரம் இருந்தால் போகலாம், தப்பில்லை. காலிங் பெல், ஃபேன் சுவிட்ச், மிக்ஸி, செருப்பு வார், எல்லாம் இதே கணக்குதான். ஏறக்குறைய 18 மாதத்தில் குழந்தை கண்ணாடியில் தெரிவது தானே என்று கண்டுகொள்கிறது. தான் வேறு, அம்மா வேறு என்று தெரிந்த பிறகு, தன்னால் எது நடக்கிறது என்று பார்க்க ஓயாத ஆசை வருகிறது. பட்டனைத் தொட்டால் விளக்கு எரிகிறது, கதவு திறக்கிறது, வீடே மேலே போகிறது! அந்த வயதில் கையில் இருக்கும் ஆகப் பெரிய அதிகாரம் அது. அதை நாம் யோசிக்காமல் பறித்துவிடுகிறோம்.

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது லிஃப்டுக்காக ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதுதான். அப்போது வேறு வேலையைக் கொடுங்கள். சாவியைப் பிடித்துக்கொள், வாட்ச்மேன் தாத்தாவுக்கு டாட்டா சொல், கதவை நீ சாத்து. பெரும்பாலும் எடுபடும்.

தாத்தா வழக்கமான நாற்காலியில் உட்காராமல் சோபாவில் உட்கார்ந்தார். அதற்கு அழுகை. அம்மா நைட்டி மாற்றிப் புடவை கட்டினால் அழுகை. இது என்ன பழக்கம்?

மரியா மாண்டிசோரியை இங்கே சொல்ல வேண்டும். இத்தாலிய மருத்துவரான அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தவர். ஒரு குழந்தை காரணமில்லாமல் அழுததை அவர் எழுதியிருக்கிறார். வந்த பெண்மணி ஒருவர் குடையை மேசை மேல் வைத்தார். குழந்தை குடையைப் பார்த்து அழத் தொடங்கியது. குடை பிடித்திருக்கிறது போல என்று எடுத்துக் கொடுத்தால் தள்ளிவிட்டது. கடைசியில் குழந்தையின் அம்மா குடையை மேசையிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். அழுகை நின்றுவிட்டது. மேசை மேல் குடை இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு குழந்தை, அம்மா கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டதற்காக அழுதது. கோட்டைத் திரும்பப் போட்டதும் சமாதானமாகிவிட்டது. முதல் சில ஆண்டுகளில் ஒழுங்கின் மேல் குழந்தைக்குத் தனிப் பற்று இருக்கிறது என்பது மாண்டிசோரி கண்ட உண்மை. எது எங்கே இருக்கும், யார் எங்கே உட்காருவார், குளித்த பிறகு என்ன நடக்கும் என்பதை வைத்துத்தான் அது உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. கடிகாரம் பார்க்கத் தெரியாத, நாளை என்றால் என்னவென்று புரியாத ஒரு சின்ன உயிருக்கு வேறு என்ன பிடிமானம் இருக்கிறது? தாத்தாவின் நாற்காலி அதில் ஒன்று. புடவையும் அப்படித்தான். அம்மா புடவை கட்டினால் வெளியே போகிறாள் என்று பொருள். அந்த அழுகை பிரிவுக்கானது, துணிக்கானது அல்ல. "அம்மா கோயிலுக்குப் போயிட்டு வர்றேன், நீ சாப்பிட்டு முடிச்சதும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பின்வாசல் வழியாக நழுவிப் போனால் அடுத்த முறை புடவை பீரோவிலிருந்து வெளியே வரும்போதே அழுகை தொடங்கும்.

தீப்பெட்டி அளவு பொம்மைக் காருக்குள் ஏறப் பார்க்கிறான். கால் நுழையவில்லை என்று அழுகிறான். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். பார்க்க வேண்டிய காட்சி அது. கார் கதவைத் திறந்து, கட்டைவிரலை உள்ளே வைத்து, நிஜமாகவே முயற்சி செய்வார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜூடி டெலோச்சும் அவருடன் வேலை செய்தவர்களும் 2004-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 18 முதல் 30 மாதக் குழந்தைகள் பொம்மை நாற்காலியில் உட்காரவும், பொம்மைச் சறுக்கில் இறங்கவும், பொம்மைக் காரில் ஏறவும் உண்மையாகவே முயன்றார்கள். இது கார், காரில் ஏறலாம் என்ற அறிவு முந்திக்கொள்கிறது. அளவைக் கணக்குப் பார்க்கும் அறிவு அப்போது கூடவே வந்து சேர்வதில்லை. மூன்று வயதை நெருங்கும்போது தானாகச் சரியாகிவிடும். அதுவரை, "கார் குட்டி, நீ பெரிய பையன்" என்று சொல்லி, காரில் ஒரு பட்டாணியை உட்கார வைத்து ஓட்டிக் காட்டினால் போதும்.

நிலாவைக் கேட்கிறாள். மழையை நிறுத்தச் சொல்கிறாள். நிழலை விரட்டச் சொல்கிறாள். முடியாததைக் கேட்டால் என்ன சொல்வது?

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பத்துப் பருவங்களில் ஒன்றை நிலாவுக்கே ஒதுக்கியிருக்கிறார்கள். அம்புலிப் பருவத்தில், குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவார்கள். வா என்றால் நிலா வராது என்று பாடியவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆசைக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். "நிலா வேணுமா? எனக்கும் வேணும். வந்தால் எங்கே வைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். தலையணைக்குப் பக்கத்தில் என்பாள், ஃப்ரிட்ஜில் என்பாள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். வானத்தில் இருப்பது பாறை, அதை எடுக்க முடியாது என்று அறிவியல் வகுப்பு எடுக்க இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

அழும்போது சிரிப்பு வருகிறது. வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடலாமா?

சிரிப்பு வந்தால் திரும்பிக்கொண்டு சிரியுங்கள், அடுக்களைக்குப் போய்ச் சிரியுங்கள். நாள் முழுக்கப் பிள்ளையோடு மல்லுக்கட்டும் அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு தேவை. குழந்தையின் முகத்துக்கு நேரே வேண்டாம். இரண்டு வயதுக்கும் அவமானம் தெரியும். தான் உடைந்து நிற்கும்போது எதிரே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள் என்பது அதற்கு நன்றாகவே புரியும்.

வீடியோ வேண்டவே வேண்டாம். நாம் அலுவலகத்தில் திட்டு வாங்கி அழுவதை யாராவது எடுத்து உறவினர் குழுவில் போட்டால் பொறுத்துக்கொள்வோமா? எதற்கு அழுதது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியவளானதும் அவளே படித்துச் சிரிக்கட்டும். அந்த உரிமை அவளுடையது.

அழுது புரளும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் இடம். தலை இடிக்கிற மாதிரி மேசை முனை இருந்தால் நகர்த்துங்கள். அப்புறம் நீங்களும் தரையில் உட்காருங்கள். நடந்ததை ஒரே வரியில் சொல்லுங்கள்: "ஊஞ்சல் இன்னும் ஆடணும், வீட்டுக்குப் போகப் பிடிக்கலை." அதற்கு மேல் பேச்சு வேண்டாம். தொட விட்டால் முதுகைத் தடவுங்கள், உதறினால் கையை எடுத்துவிடுங்கள். கடித்தாலோ அடித்தாலோ கையைப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று சத்தமில்லாமல் சொல்லுங்கள்.

ஆசையை நிறுத்தி வைக்கவும் கோபத்தை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுசாக முதிர்கிறது. இரண்டு வயதில் அந்த வேலையைக் கொஞ்ச நேரம் நாம்தான் வெளியிலிருந்து செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. பொட்டேகல் 2003-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் 335 குழந்தைகளின் பெற்றோரிடம் விவரம் கேட்டபோது, முக்கால்வாசி அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. நமக்கு அது ஒரு மணி நேரமாகத் தெரியும். ஒரு முறை கடிகாரத்தைப் பாருங்கள், மனசு கொஞ்சம் லேசாகும்.

கல்யாண மண்டபத்தில் ஊரே பார்க்கிறது. அப்போது?

தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கொட்டுமேளம், ஏசி, பட்டுப்பாவாடை உரசல், கன்னத்தைக் கிள்ளும் ஐம்பது பேர், தள்ளிப்போன மதியத் தூக்கம், இத்தனையும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே தலை வலிக்கும். பந்தியில் பக்கத்து இலைக்கு வைத்த ஜிலேபி பெரிசாக இருந்ததற்குத்தான் அழுதான் என்று தோன்றும். உண்மையில் காலையிலிருந்து சேர்ந்தது அது. "பிள்ளையை வளர்க்கத் தெரியலை" என்று யாராவது சொன்னால், "தூக்கம் வந்திருச்சு அத்தை" என்று சொல்லிவிட்டு நகருங்கள். விளக்கம் அவ்வளவு போதும்.

நான் வேண்டாம் என்றால் பாட்டி கொடுத்துவிடுகிறார். போன் கொடுத்தால் உடனே நிறுத்துகிறான். இவை இரண்டும் கெடுதலா?

பாட்டி ஒரு மிட்டாய் அதிகம் கொடுப்பதால் பெரிய கெடுதல் இல்லை. பாட்டி வீட்டில் வேறு சட்டம் என்று குழந்தைக்குச் சீக்கிரமே புரியும். ஆனால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லி, அவன் அழுது, அதற்குப் பிறகு கையில் கிடைத்தால், அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். "அத்தை, கொடுக்கிறதா இருந்தா அழுறதுக்கு முன்னாடியே கொடுத்துடுங்க" என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு எதிரே வேண்டாம்.

போன் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமை. அழுகையை நிறுத்தப் போன் கொடுத்தால், தானாக அடங்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் போய்விடுகிறது. இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், அதற்குப் பிறகு ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை.

"பூச்சாண்டி வருவான்" என்று சொன்னால் அடங்குகிறாள். சொல்லலாமா?

அடங்குவது பயத்தால். ராத்திரி அதே பூச்சாண்டி ஜன்னலில் வந்து நிற்பான், தூக்கம் கெடும், மறுநாள் அடம் கூடும். போலீஸ்காரரையும் ஊசி போடும் டாக்டரையும் காட்டி மிரட்டுவதும் இப்படித்தான். தொலைந்துபோனால் அவள் போய் நிற்க வேண்டியவர் அந்தப் போலீஸ்காரர். காய்ச்சல் வந்தால் வாயைத் திறந்து காட்ட வேண்டியவர் அந்த டாக்டர். அடிப்பதும் வேண்டாம். கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதைத்தான் அதிலிருந்து கற்றுக்கொள்வாள்.

சாயங்காலம் ஆனாலே தொட்டதற்கெல்லாம் அழுகை. திருஷ்டியா?

மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டால் போடட்டும். குழந்தையை மடியில் வைத்துச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களே ஓர் ஆறுதல். ஆனால் தூக்கக் கணக்கையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம், மூன்று நாலு வயதில் 10 முதல் 13 மணி நேரம். அப்பா வரட்டும் என்று பதினோரு மணிவரை விழித்திருக்கும் வீடுகளில் இது கிடைப்பதில்லை. ஆறு மணிப் பசிக்கு ஓர் இட்லி, சீக்கிரமான ராத்திரிச் சாப்பாடு, இரண்டும் பாதி அழுகையைக் குறைக்கும். மலச்சிக்கல், பல் முளைப்பது, காதுவலி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆயாவிடம் சமர்த்தாக இருக்கிறான். என்னைப் பார்த்ததும் அழுகிறான். என்னிடம் மட்டும் ஏன்?

நீங்கள் அம்மா என்பதால்தான். வேறிடத்தில் பகலெல்லாம் அடக்கி வைத்ததை உங்களிடம் கொட்டுகிறான். வேலை முடிந்து வந்ததும் பையை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அவனோடு உட்காருங்கள். சமையல் அப்புறம் ஆகட்டும்.

அழுது அழுது மூச்சை அடக்கி நீலமாகிவிடுகிறாள். உயிரே போய்விடுகிறது எனக்கு. என்ன செய்ய?

இதை டாக்டர்கள் பிரெத் ஹோல்டிங் ஸ்பெல் என்பார்கள். குழந்தை வேண்டுமென்று செய்வதல்ல. ஓங்கி அழும்போது மூச்சு வெளியே போய் உள்ளே இழுக்காமல் நின்றுவிடுகிறது. உதடு நீலமாகும், உடல் துவளும், சிலருக்குக் கை கால் விறைக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும். கீழே பக்கவாட்டில் படுக்க வையுங்கள். குலுக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கையில் இரும்பைத் திணிக்க வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சு வரவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள்.

முதல் முறை வந்தால் கட்டாயம் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு, இதயக் கோளாறு எதுவும் இல்லை என்று அவர் உறுதி செய்ய வேண்டும். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, சிரப் கொடுத்ததும் பல குழந்தைகளுக்குக் குறைந்துவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையான குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. எனவே இதை அலட்சியமாக விடக் கூடாது. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தை சோறும் பருப்பும் கீரையும் குறைவாகவே சாப்பிடும், இரும்புச்சத்தும் குறையும். பாலைக் குறைத்துப் பாருங்கள்.

எப்போது குறையும்? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பேச்சு வளர வளரக் குறையும். "எனக்கு அது வேணாம், நீலக் கிண்ணம் வேணும்" என்று முழுசாகச் சொல்ல வந்துவிட்டால் பாதி ரகளை போய்விடும். நாலு வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரண்டு வயது முடிந்தும் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, பேசிய சொற்களையும் விட்டுவிட்டான் என்றால் காத்திருக்க வேண்டாம். "பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் அடம் அடிக்கடி வருவது, நாலரை ஐந்து வயதிலும் குறையாமல் கூடிக்கொண்டே போவது, இவற்றுக்கும் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தையின் பேச்சையும் வளர்ச்சியையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். போகும்போது எப்போது அழுகிறான், எவ்வளவு நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வாரத்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.